சில்லுகளைக் கழற்றும் தீர்மானம்

சமூகமளித்தோர் (ஹேர் என்றால் திரு, பிறவ் என்றால் திருமதி):

ஹேர் லம்பேர்ட், தலைவர், முதலாம் மாடி வலது.
பிறவ் ஹெல்விக், செயலாளர், நிலத்தளம் இடது.
ஹேர் ஒஸ்தர்மான், நிலத்தளம் வலது. இறந்தவர். பிறவ் ஹெல்விக் மூலம்.
ஹேர் நோவாக், கட்டடப் பராமரிப்பாளர். வாக்கு இல்லை, சாவிக்கொத்து உண்டு.
ஹேர் தியாகராசா, மூன்றாம் மாடி இடது.
பிறவ் கலாதேவி தியாகராசா, மேற்படியாரின் மனைவி. வசிப்பிடம்: வான்.
ஏனைய உரிமையாளர் நால்வர். இவர்கள் கை தூக்குவார்கள்.

ஜெர்மனியின் ஹம் நகரில், 2007ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஒரு குடியிருப்பின் நிலவறையில் கூட்டம் நடந்தது. அது உடுப்புக் காயப்போடும் அறை. கொடியில் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் தொங்கின. எடுக்கச் சொல்லிக் கேட்க முடியாது, ஏனென்றால் அது அந்தக் கிழமை முறை உள்ளவரின் உரிமை. ஆகவே உரிமையாளர்கள் விரிப்புகளுக்கு நடுவே கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். பேசுகிறவரின் கால்கள் தெரிந்தன. முகத்தின் இடத்தில் துணி அசைந்தது. ஹேர் ஒஸ்தர்மானுக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அவருக்கு மட்டும் கால் இல்லை.

நிகழ்ச்சிநிரலில் ஒரே ஒரு விடயம்: தரிப்பிடத்தில் நிற்கும் வெள்ளைப் பொருள்.

அந்தப் பொருள் வந்த காரணம் எளிமையானது. கலாதேவிக்கு நித்திரை இல்லை. மற்றதெல்லாம் உரிமையாளர் சங்கம் சேர்த்தது.

முந்தைய வருடம் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியதும் கலாதேவி தூங்குவதை நிறுத்திக்கொண்டார். படுப்பார், எழும்புவார், குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் உட்காருவார். எங்கே போகப்போகிறாய் என்று தியாகராசா கேட்டால் கழுத்துப் பொத்தானையும் பூட்டுவார். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுதும் எழும்பி வெளியேறியபோது அவர் வீட்டுக்கு ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. அப்பாவால் நடக்க முடியவில்லை. மற்றவர்கள் நடந்தார்கள். அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். ஹம்மில் டொக்டர் குளிசை கொடுத்தார். கைகால் மரத்தது, கண் மூடவில்லை. விடிந்ததும் அதே கண்ணோடு வேலைக்குப் போனார். வீடு வீடாகக் கார் ஓடிப்போய், நடமாட முடியாத கிழவர்களைக் கழுவி உடுத்திவிடுகிற வேலை.

ஹம்மின் ஓரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு ஸ்ருட்காட்டிலிருந்து தம்பித்துரை என்ற தூரத்து உறவினர் வந்திருந்தார், வீட்டு வானில். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. வெயிலுக்கு ஒதுங்க என்று ஏறிய கலாதேவி கட்டிலில் சரிந்தார். தேர் சுற்றி இருப்புக்கு வந்தது. ஐஸ்கிறீம்காரர் கடை கட்டினார். ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளைகளின் பெயர்களை வாசித்து முடித்தார்கள். கலாதேவி எழும்பவில்லை. தியாகராசா மனைவியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

அவர் கண் திறந்தார். "என்னப்பா, செத்துப்போனன் எண்டு நினைச்சியளோ?"

"கொஞ்சம்."

"இதிலை சில்லு இருக்கு. அதுதான் நித்திரை வந்தது."

அந்த வானைத் தியாகராசா வாங்கினார். அவர் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஒரு பொருள் வேலை செய்தால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

பிழை இதற்குப் பிறகுதான் நடந்தது. புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்ற வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கலாதேவியோடு வேலை செய்யும் கொறற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, இதுக்குள்ளை கட்டில் இருக்கு, குசினி இருக்கு, கக்கூசும் இருக்கு. நீங்கள் வாகனத்துக்குச் செய்யப் போறியளோ, வீட்டுக்குச் செய்யப் போறியளோ? எங்கடை பாதர் எண்டால் ஒருக்காத் தண்ணி தெளிச்சுப்போட்டுச் சாப்பிட இருந்திடுவார்."

தியாகராசா யோசித்தார். செய்யாமல் விட்டுப் பிறகு ஏதாவது நடந்தால்? இரண்டையும் செய்தார்கள். தேசிக்காயும் நசிந்தது, பாலும் காய்ச்சினார்கள். பால் கிழக்குப் பக்கம் பொங்க வேண்டும் என்பதற்காக வானைத் திருப்பி, மூக்கு வீதியைப் பார்க்க நிறுத்தினார்கள். பொங்கியது. குடியிருப்பில் எல்லோரும் யன்னலில் நின்றார்கள். தியாகராசா மரியாதை தெரிந்த மனிதர். லட்டுத் தட்டோடு ஒவ்வொரு கதவாகத் தட்டி, தன் ஜெர்மனில் விளக்கம் சொன்னார். இது எங்கள் புது வீடு. வீட்டுக்குப் பால் காய்ச்சுவது எங்கள் முறை. எடுங்கள்.

பிறவ் ஹெல்விக் லட்டை முழுதாகச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, வந்தவர் சொன்னதைத் திகதியோடு எழுதி வைத்தார்.

முதல் கடிதம் வான் நிற்கும் திசையைப் பற்றியது. வாகனங்கள் மூக்கைச் சுவருக்குக் கொடுத்தே நிற்க வேண்டும் என்று அங்கே பலகை இருக்கிறது. இரண்டாம் கடிதம் உயரத்தைப் பற்றியது. மூன்றாம் கடிதத்துக்குப் பதிலாக ஹேர் லம்பேர்ட் நேரில் வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். கையில் அளவுகோல், பின்னால் நோவாக்.

"ஹேர் தியாகராசா, எமக்கு வெளிநாட்டவரிடம் எந்தக் குறையும் இல்லை" என்றார் லம்பேர்ட். "என் பல் வைத்தியர் ஈரான்காரர். எமக்கு இங்கே பிரச்சினை நிழல் மட்டும்தான்."

நிழலை அளந்தார்கள். நோவாக் சோக்கட்டியால் ஓரம் கீறினார். அவர் கீறி முடிப்பதற்குள் நிழல் நகர்ந்தது. மறுபடி கீறினார். கடைசியில் அது ஹேர் ஒஸ்தர்மானின் யன்னலில் ஏறுவது நிரூபணமானது.

ஒஸ்தர்மான் அதற்கு முந்தைய மாரியில் இறந்தவர். மகன் அவுஸ்திரேலியாவில், கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. ஆனால் ஒஸ்தர்மான் உயிரோடு இருக்கையில் பிறவ் ஹெல்விக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இறப்புக்கு அப்பாலும் செல்லும் என்று எழுதப்பட்டது. அப்படி எழுதலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே அவருடைய யன்னல் மறைப்பு காலையில் தானாக ஏறியது, மாலையில் தானாக இறங்கியது. இருட்டுப்பட்டால் விளக்கு எரிந்தது. எல்லாவற்றுக்கும் நேரம் வைத்த மின் ஆளி இருந்தது. அவருடைய தரிப்பிடத்தைச் சனிக்கிழமைகளில் நோவாக் கூட்டினார். அங்கே எதுவும் விழுவதில்லை. கூட்டினார்.

நிழலின் பாதிப்பை அறிய பிறவ் ஹெல்விக் ஒஸ்தர்மானின் சாய்கதிரையில் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தார். வெளியே வந்து அறிக்கை சொன்னார்.

"ஹேர் ஒஸ்தர்மான் இருட்டை உணர்கிறார்."

தியாகராசா சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஒரு பொருள் ஒன்றாக இருக்க வேண்டும்" என்றார் லம்பேர்ட். "வாகனம் என்றால் அதில் தூங்கக் கூடாது. வீடு என்றால் அது புறப்படக் கூடாது. உங்களுடையது இரண்டையும் செய்கிறது. இதை நான் எந்தக் கோப்பில் வைப்பேன்? நான் நித்திரையில்லாமல் யோசித்தேன். பிறகு பிறவ் ஹெல்விக் உங்கள் வாக்குமூலத்தைக் காட்டினார். நீங்களே பாலைச் சாட்சியாக வைத்து, வீடு என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை நாம் மதிக்கிறோம். நாம் கலாசாரங்களை மதிக்கும் சங்கம்."

அந்த வாரமே வான் வீடாகியது.

வீட்டுக்கு அழைப்பு மணி வேண்டும். நோவாக் கட்டடத்திலிருந்து வயர் இழுத்து வானுக்கு மணி பொருத்தினார். புது இணைப்புக்கு அனுமதி கிடைக்க நாள் எடுக்கும் என்பதால் ஒஸ்தர்மானின் மணியிலிருந்தே வயரைப் பிரித்தார். அவருக்கு விருந்தினர் வருவதில்லை. இதில் ஒரு சிக்கலை யாரும் கவனிக்கவில்லை. பிறவ் ஹெல்விக் கண்ணியமானவர். ஒவ்வொரு காலையும் பூச்செடிக்குத் தண்ணீர் விடப் போகும்போது, திறக்க முன் ஒஸ்தர்மானின் மணியை அடித்துவிட்டுத்தான் சாவியைப் போடுவார். மணி வானுக்குள் அடித்தது.

முதல் நாள் கலாதேவி திடுக்கிட்டு எழுந்து கதவைத் திறந்தார். ஒருவரும் இல்லை. பனி மட்டும் நின்றது. அடுத்த நாளும் அப்படி. விசயம் விளங்கியபிறகு படுத்தபடியே பதில் சொல்லத் தொடங்கினார்.

"ஓம் ஐயா, எழும்பிட்டன்."

தியாகராசாவுக்கு இது பிடிக்கவில்லை. வானின் கட்டில் அவருக்கு நீளம் போதாது. அவர் மேலே மூன்றாம் மாடியில்தான் படுத்தார். காலையில் தேத்தண்ணியோடு இறங்கி வருவார்.

"செத்த மனுசனோடை உமக்கு என்ன கதை?"

"அவர் நல்ல மனுசன். கடைசி மாதம் நான்தானே கழுவினனான். தண்ணி கேக்கிறதைத் தவிர ஒருநாளும் ஒரு சொல்லுக் கூடக் கதைக்கேல்லை."

"இப்ப கதைக்கிறாரோ?"

"இப்ப மணி அடிக்கிறார். போங்கோ, தேத்தண்ணி ஆறுது."

வீட்டுக்கு வாசற்படி உண்டென்றால் கூட்டும் முறையும் உண்டு. வானின் கதவுக்குக் கீழே இழுத்தால் வரும் ஒற்றைத் தகரப் படி. 'இந்தக் கிழமை உங்கள் முறை' என்ற அட்டை கைப்பிடியில் தொங்கியது. கலாதேவி படியைக் கூட்டினார். பிறவ் ஹெல்விக் வந்து குனிந்து பார்த்தார். மூலை கூட்டப்படவில்லை என்றார். மூலை எங்கே என்று கலாதேவி கேட்டார். அதைத் தேட இருவரும் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார்கள். பிறகு புகைபோக்கிக்காரர் கறுப்பு உடுப்பில் வந்து, புகைபோக்கி இல்லை என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். மதியத்தில் ஓய்வு நேரம் என்பதால் வானின் சொந்தச் சில்லுகள் அந்த நேரத்தில் சத்தம் போடக் கூடாது என்றும் ஒரு கடிதம் வந்தது.

எல்லாவற்றுக்கும் தியாகராசா தலையாட்டினார். கலாதேவியும்தான். மாரி முழுக்க அவர் தூங்கினார். கன்னத்தில் சதை பிடித்தது. குளிர்ச்சட்டை கொழுக்கியில் கிடந்தது. வான் மட்டும் மூக்கை வீதிக்குக் கொடுத்தபடியே நின்றது. வீட்டுக்கு மூக்கு இல்லை என்பதால் அதைப் பற்றிக் கடிதம் எழுத முடியவில்லை. லம்பேர்ட் அங்கேதான் இடறினார். யன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த நேரமும் புறப்படலாம் என்பதுபோல நிற்கும் ஒரு வீடு. அவரால் தாங்க முடியவில்லை. கூட்டம் கூட்டினார்.

"சங்கம் கடுமையானது என்று சொல்வார்கள்" என்று ஆரம்பித்தார். விரிப்புக்குப் பின்னால் அவருடைய சப்பாத்துகள் சேர்ந்து நின்றன. "அது தவறு. நாம் பெருந்தன்மையானவர்கள். வானை அகற்றச் சொல்ல எமக்கு உரிமை உண்டு. ஆனால் அகற்றச் சொல்லவில்லை. அது நிற்கட்டும். பிறவ் தியாகராசா அதில் நிரந்தரமாகத் தூங்கட்டும். சுத்தமான வீடு, கூட்டிய படி, பொருத்திய மணி. ஒரே ஒரு குறை. அதற்குச் சில்லு இருக்கிறது. சில்லுகளைக் கழற்றி, கல் வைத்து நிறுத்தினால் பிரச்சினை முடிந்தது. நோவாக் ஜாக்கியைக் கொண்டு வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் இன்றே செய்வார். இந்தச் சேவை இலவசம்."

விரிப்புகளுக்குப் பின்னால் பாராட்டு முணுமுணுப்புக் கேட்டது. நோவாக் ஜாக்கியை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றினார்.

தியாகராசா மனைவியின் பக்கம் சாய்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "கலா, விட்டிட்டினம். இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. எழுத்திலை தருவினம்."

"சில்லைக் கழட்டினால் எப்பிடி ஓடுறது?"

"ஏன் ஓடோணும்? ஹம்மிலை ஆர் வந்து குண்டு போடப்போறாங்கள்?"

கலாதேவி அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. தெரியாத மொழியில் எழுதிய பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு எழுந்து, முன்னால் தொங்கிய விரிப்பைக் கையால் ஒதுக்கினார். அந்த மாலையில் முதல் தடவையாக எல்லோருக்கும் ஒருவரின் முகம் தெரிந்தது. வேலை செய்யும் இடத்து ஜெர்மனில், கிழவர்களோடு பேசும் சின்ன வசனங்களில் பேசினார்.

"ஹேர் ஒஸ்தர்மான் இறந்துபோனார். நான் அவரைக் கழுவினேன். கண்ணை நான்தான் மூடினேன். வானைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். அவரை எதற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்?"

பிறவ் ஹெல்விக் பேனையை நிறுத்தினார். லம்பேர்ட் தொண்டையைச் சரிசெய்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"மதிப்புக்குரிய பிறவ் தியாகராசா, உயிரோடிருந்த காலத்தில் ஹேர் ஒஸ்தர்மான் இரண்டு கூட்டத்துக்கு ஒன்றுக்குத்தான் வருவார். வந்தாலும் குறுக்கே பேசுவார். ஒருமுறை என்னைப் பார்த்து முட்டாள் என்றார். இறந்த பிறகு அவர் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. ஒரு தடவைகூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இந்தச் சங்கத்துக்கு இவரைப் போன்ற உறுப்பினர்கள்தான் வேண்டும். உங்களையும் அந்த நிலையில் பார்க்கவே விரும்புகிறோம். ஒரு இடத்தில், அமைதியாக. வாக்கெடுப்புக்குப் போகலாம்."

கைகள் எழுந்தன. லம்பேர்ட்டின் கை. நால்வரின் கைகள். பிறவ் ஹெல்விக் தனக்கு வலது கையையும் ஒஸ்தர்மானுக்கு இடது கையையும் உயர்த்தினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வெள்ளைத் துணிக்கு முன்னால் அசையாமல் இருந்தார். அப்படி உட்கார்ந்திருந்த ஆட்களைக் கலாதேவி முன்பும் பார்த்திருக்கிறார். அவர்களில் எவரும் வாக்களித்துக்கொண்டிருக்கவில்லை.

பக்கத்தில் இன்னொரு கை எழுந்திருந்தது. தியாகராசாவுடையது. இந்த நாட்டில் கூட்டம் என்றால் மற்றவர்கள் தூக்கும்போது தூக்கிவிட வேண்டும் என்று அவர் பழகியிருந்தார். வேலையிடத்திலும் அப்படித்தான். கை தன்பாட்டில் போனது.

கலாதேவி அந்தக் கையை மட்டும் பார்த்தார்.

"எனக்குத் தலையிடிக்குது" என்று தமிழில் சொன்னார். வாசலில் நோவாக்கின் ஜாக்கியைத் தாண்டிப் படியேறிப் போனார்.

"ஏகமனதாக" என்று பிறவ் ஹெல்விக் எழுதினார். எழுதுவதற்கு, ஒஸ்தர்மானின் கையை மேலேயே வைத்துக்கொண்டு, தன் கையைத்தான் இறக்கினார்.

அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. பழைய டீசல் எஞ்சின் குளிரில் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. நிலவறை யன்னலுக்கு வெளியே, தரையோடு தரையாக, கறுப்பு ரயர் ஒன்று உருண்டது. அதன் பின்னால் அழைப்பு மணியின் வயர் இழுபட்டு, விறைத்து, அறுந்தது.

லம்பேர்ட் யன்னலை மூடும்படி நோவாக்குக்குச் சைகை காட்டினார். "கூட்டம் நடக்கும்போது வெளிச் சத்தம் வரக் கூடாது. அடுத்தது, கல். சீமெந்துக் கல்லா, செங்கல்லா?"

"வீடு போகிறது" என்றார் நால்வரில் ஒருவர். அவர் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

"போகாது" என்றார் லம்பேர்ட். "தீர்மானம் நிறைவேறிவிட்டது."

தியாகராசாவின் கை இன்னும் அரைவாசி உயரத்தில் நின்றது. "மன்னிக்க வேண்டும்" என்றார். "நான் இதை இறக்க விரும்புகிறேன். எண்ண வேண்டாம்."

"எண்ணியாகிவிட்டது, ஹேர் தியாகராசா."

"அப்படியென்றால் திரும்ப எண்ணுங்கள்."

"தூக்கிய கை தூக்கியதுதான். நீங்கள் அடுத்த ஆண்டு வேறு விதமாகத் தூக்கலாம்."

தியாகராசா எழுந்தார். ஈரவிரிப்பு ஒன்று முகத்தில் ஒட்டியது. அதைப் பிய்த்து விலக்கினார். கொடி அறுந்து எல்லா விரிப்பும் உரிமையாளர்களின் மேல் விழுந்தது. துணிக்குள்ளிருந்து லம்பேர்ட்டின் குரல் தடுமாறாமல் வந்தது.

"கையெழுத்துக்கு முன் வெளியேறுகிறவர் திரும்ப அனுமதிக்கப்பட மாட்டார். இது எல்லோருக்கும் பொது."

"ஓம்" என்றார் தியாகராசா. அவர்களுக்கு அது விளங்கியிருக்காது.

"உங்கள் சட்டை!" என்று பிறவ் ஹெல்விக் கூப்பிட்டார். கதிரையில் கிடந்த குளிர்ச்சட்டைக்குள்தான் மூன்றாம் மாடிச் சாவி இருந்தது. தியாகராசா அதை ஒருமுறை பார்த்தார். எடுக்கத் திரும்பவில்லை.

படியில் குளிர் இறங்கி வந்தது. மேலே, வீதி வாசல் பக்கம், எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. போகவுமில்லை, அணையவுமில்லை. எவ்வளவு நேரம் அப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

கீழே நோவாக் கதவைச் சாத்தினார். கொத்தில் சரியான சாவியைத் தேடி எடுத்து, இரண்டு தரம் திருப்பினார்.